இளங்கலை ஆராய்ச்சித் திட்டம்: பாலக்காட்டுக் கிழக்கெல்லைத் தமிழ் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து பட்டப் படிப்புக்குப் போகும் தமிழ் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிலர் சித்தூரிலும் பாலக்காட்டிலும் படிக்கிறார்கள். சிலர் காலையில் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ பஸ் ஏறுகிறார்கள். எந்தப் பக்கம் படித்தாலும் கடைசி வருடம் நெருங்கியதும் 'புராஜெக்ட்' என்ற பேச்சு வந்துவிடுகிறது. அறிவியல் மாணவர்களும் தமிழ், வரலாறு, பொருளியல், வணிகவியல் மாணவர்களும் வருடாவருடம் கேட்பவற்றுக்குப் பதில்கள் இங்கே.

மூன்று வருடத்தில் பட்டத்தை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவன் நான். எனக்கு எதற்கு ஆராய்ச்சி?

இதுவரை நீங்கள் எழுதிய பரீட்சைகள் எல்லாவற்றிலும் கேள்வியும் வேறொருவருடையது, விடையும் ஏற்கெனவே இருந்தது. விடை யாருக்கும் தெரியாத ஒரு கேள்வியை நீங்களே எழுப்பி, நாலு மாதம் அதன் பின்னால் அலைந்து, கிடைத்ததை உள்ளபடி எழுதுவது இந்தப் படிப்பில் ஒரே ஒரு முறைதான் வாய்க்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மார்கரெட் மாக்விகார் 1969-இல் இளங்கலை மாணவர்களையும் ஆய்வுக்கூடங்களுக்குள் சேர்க்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். முனைவர் பட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் அடிப்படை. அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல கேள்வியும் திரும்பத் திரும்பப் போய்வரக்கூடிய ஓர் இடமும் இருந்தால் போதும். நம் பகுதியில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

நாலு வருடப் படிப்பில் இது கட்டாயமா?

கேரளத்தில் நான்காண்டு இளங்கலைத் திட்டம் 2024 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கியது. மூன்றாண்டோடு வெளியேற 133 கிரெடிட், நான்காம் ஆண்டையும் முடித்து ஹானர்ஸ் வாங்க 177 கிரெடிட். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகத்தின்படி, முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் 'ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸ்' கேட்கலாம். அதில் ஆராய்ச்சித் திட்டத்துக்கு மட்டும் 12 கிரெடிட். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே நடக்கிறது. அங்கே புராஜெக்ட் இருப்பதும் இல்லாததும் பாடத்தைப் பொறுத்தது. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிப் புத்தகத்தை நீங்களே ஒரு முறை வாசியுங்கள். சீனியர் சொன்னது அவருடைய பேட்சுக்கு.

தலைப்பு எப்படிப் பிடிப்பது டீச்சர்?

தலைப்பைப் பிடிக்காதீர்கள், கேள்வியைப் பிடியுங்கள். "பாலக்காடு மாவட்ட நிலத்தடி நீர்: ஓர் ஆய்வு" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தால் அதில் கேள்வியே இல்லை. ஒரு மாவட்டத்தை ஒரு மாணவர் நாலு மாதத்தில் அளக்கவும் முடியாது. அதையே "எங்கள் வார்டில் ஒரே தெருவில் இருக்கும் திறந்த கிணற்றுக்கும் போருக்கும் (ஆழ்துளைக் கிணறு) ஃபுளோரைடு அளவில் வித்தியாசம் இருக்கிறதா? மழைக்குப் பிறகு அது மாறுகிறதா?" என்று மாற்றிப் பாருங்கள். எங்கே போக வேண்டும், எதை அளக்க வேண்டும், எப்போது போக வேண்டும் என்பது எல்லாம் அந்தக் கேள்விக்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வதற்கு முன் நான் மாணவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். அந்த இடத்துக்கு நீங்கள் வீட்டிலிருந்து போய் அன்றே திரும்ப முடியுமா? ஒரு முறை எடுத்தது சரியில்லை என்றால் இன்னொரு முறை போக முடியுமா? விடை "இல்லை" என்று வருவதற்கும் வாய்ப்பு இருக்கிறதா? விடை இப்போதே நிச்சயம் என்றால் நீங்கள் தேடப் போவது விடையை அல்ல, சாட்சியை. கடைசியாக, இந்த விடை ஊரில் ஒருவருக்காவது வேண்டுமா? அந்த ஒருவர் பஞ்சாயத்து மெம்பராக இருக்கலாம், கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்) அலுவலராக இருக்கலாம், உங்கள் சொந்த அம்மாவாகவும் இருக்கலாம்.

அறிவியல் மாணவர்களுக்கு நம் பகுதியில் என்ன இருக்கிறது?

எதைச் சொல்வது, எதை விடுவது என்றுதான் யோசனை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். காற்று, மழை, வெயில், பறவை, மனிதர் எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வருகின்றன. கேரளத்தின் ஆண்டு மழைச் சராசரி சுமார் 3000 மில்லிமீட்டர். கிழக்குச் சித்தூரில் பெய்வது அதைவிட வெகு குறைவு. கேரளத்தில் கரிசல் மண் இருப்பதும் இந்தத் தாலுகாவில்தான். முதலமடை மாந்தோப்புகள், பனங்காடுகள், ஏரிகள், மூலத்தரையிலிருந்து போகும் கால்வாய் என்று ஒவ்வொன்றிலும் கேள்வி இருக்கிறது.

இயற்பியலோ புவியியலோ படிக்கிறவர்களுக்கு இந்திய வானிலைத் துறையின் கட்ட வாரியான மழைத் தரவு 1901 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. எக்செல் தெரிந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் ஒரு கட்டம் சுமார் 27 கிலோமீட்டர் பக்கம் கொண்டது. பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து மழை எப்படி வேறுபடுகிறது என்பதை அது காட்டாது. அந்த வேறுபாடு வேண்டும் என்றால் மழைமானியை நீங்களே மொட்டைமாடியில் வைக்க வேண்டியதுதான்.

விலங்கியல் மாணவர்கள் புலியையும் யானையையும் கேட்கிறார்கள். நான் மயிலைச் சொல்வேன். அது தேசியப் பறவை. காட்டுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் நம் வயலிலும் வரப்பிலும் தினமும் நிற்கிறது. பிடிக்க வேண்டாம், தொட வேண்டாம். விடியற்காலையில் ஒரே சாலையில் ஒரே வேகத்தில் போய், எங்கே எத்தனை, எந்தப் பயிர் நிலத்தில் என்று குறித்தாலே தரவு. விவசாயி தரும் சேதக் கணக்கையும் உங்கள் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நல்ல கட்டுரை வரும்.

கணிதம், புள்ளியியல், வணிகவியல் மாணவர்கள் வேலந்தாவளம் காய்கறிச் சந்தையை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஒரே தக்காளிக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை. தினமும் குறித்து வந்தால் எந்தப் பக்கத்து ஏற்றம் முதலில் வருகிறது, மற்றது எத்தனை நாள் கழித்துத் தொடர்கிறது என்பதைக் காண முடியும்.

கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க ஒரு டி.டி.எஸ். மீட்டர் போதாதா?

போதாது. அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவை, மின்கடத்தலை வைத்து மதிப்பிட்டுச் சொல்கிறது. அந்த மொத்தத்தில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. டி.டி.எஸ். குறைவாக இருக்கும் கிணற்றில் ஃபுளோரைடு அதிகமாக இருக்கலாம். இந்தியக் குடிநீர்த் தர அளவுகோலின்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி. டி.டி.எஸ்ஸுக்கு அதே போல 500, 2000.

மாதிரி எடுப்பதில்தான் பாதி உண்மை இருக்கிறது. போரில் மோட்டாரைப் போட்டதும் வரும் தண்ணீர் குழாயிலேயே தங்கிக் கிடந்த தண்ணீர். சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஃபுளோரைடுக்குக் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டில் எடுங்கள். பிடிக்கப் போகும் தண்ணீரிலேயே மூன்று தடவை அலசிவிட்டு நிரப்புங்கள். பாட்டிலின் உடம்பில் எண், தேதி, நேரம். அதே எண் நோட்டிலும். மூடியில் மட்டும் எழுதினால் லேபில் மூடி மாறும் நாளில் எல்லாம் போயிற்று. கிணற்றின் ஆழம், போர் போட்ட வருடம், வீட்டார் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்களா, மாட்டுக்கு மட்டும் விடுகிறார்களா என்பதையும் அங்கேயே நின்று கேட்டு எழுதுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதியதைத் தரவு என்று சொல்ல முடியாது.

பாட்டி சொல்வதை எழுதிவைத்தால் அது ஆராய்ச்சியா?

எழுதிவைப்பது சேகரிப்பு. அதை ஒரு கேள்வியோடு அணுகி, இன்னொருவர் சொன்னதோடும் ஏட்டில் இருப்பதோடும் ஒப்பிடும்போது ஆராய்ச்சி. எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் கரிசலில் நிலக்கடலையும் பருத்தியும் விளைந்த காலத்தைப் பற்றிப் பேசக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பனை ஏறிய தலைமுறையும் இருக்கிறது. அவர்கள் சொல்லக்கூடியது எந்த நூலகத்திலும் இல்லை. இதற்கு அவசரம் உண்டு. ஆகவே தமிழோ வரலாறோ படிக்கும் மாணவர் யாராவது "தலைப்பே கிடைக்கவில்லை" என்றால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

கேட்கும் விதத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். "அந்தக் காலத்துல ரொம்பக் கஷ்டமா பாட்டி?" என்று கேட்டால் "ஆமா கண்ணு" என்று பதில் வரும், அவ்வளவுதான். "காலைல எத்தனை மணிக்குக் காட்டுக்குப் போவீங்க? கூலி யார் கையில கொடுப்பாங்க? நெல்லா, காசா?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். போனைச் சட்டைப் பையில் வைக்காமல் அவருக்குப் பக்கத்தில் திண்ணையில் வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், யார் பேசுகிறார் என்பதை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள்.

பிறகு எழுத்தாக்கம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஒரு முழு நாள் பிடிக்கலாம், மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். இங்கே பலர் செய்யும் தவறு, திருத்துவது. அவர் "கெணத்துல வெள்ளம் வத்திப் போச்சு" என்று சொல்லியிருப்பார். மாணவர் "கிணற்றில் நீர் வற்றிவிட்டது" என்று எழுதுவார். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். இரண்டு மொழிக்கு நடுவே அந்தக் குடும்பம் மூன்று தலைமுறை வாழ்ந்ததற்கான தடயம் அந்த ஒரு திருத்தத்தில் அழிந்துபோகிறது. பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். பொருள் வேண்டுமென்றால் கீழே குறிப்பாகக் கொடுங்கள். ஒலியையும் எழுத்தையும் நேரத்தோடு இணைத்துவைக்க ஈலன் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உச்சரிப்பை அளந்து பார்க்கப் பிராட் இருக்கிறது, அதுவும் இலவசம்.

நம் பகுதியின் பழைய ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

அது நீங்கள் எந்த ஊரை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பஸ் ஏறினால் வீண் அலைச்சல். சித்தூர் கொச்சி ராஜ்யத்தின் தாலுகா. 1949-இல் கொச்சி திருவிதாங்கூரோடு சேர்ந்தது. பாலக்காடும் கொல்லங்கோடும் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1-இல் கேரளம் உருவானது. பாலக்காடு மாவட்டம் 1957 ஜனவரி 1-இல். ஆகவே இன்று ஒரே தாலுகாவில் இருக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குக்கூடப் பழைய காகிதம் வேறு வேறு இடத்தில் இருக்கலாம். கொச்சி ராஜ்ய ஆவணங்களுக்கு எர்ணாகுளம் மண்டல ஆவணக் காப்பகம், மலபார் ஆவணங்களுக்குக் கோழிக்கோடு மண்டல ஆவணக் காப்பகம். மாகாண அரசுக் கோப்புகளுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

முதல்வரின் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துப் போங்கள். பேனாவுக்குப் பதில் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு எண்ணையும் ஆண்டையும் ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே எழுதுங்கள். அச்சு நூல்களுக்கு வீட்டிலிருந்தபடியே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் தேடலாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

எல்லையில் இருப்பதால் நமக்கு மட்டும் செய்ய முடிகிற ஆராய்ச்சி ஏதாவது உண்டா?

உண்டு. என்னைக் கேட்டால் நம் மாணவர்களின் பெரிய பலமே இதுதான். இதை அவர்கள் குறையாக நினைக்கிறார்கள்.

பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடும் கேரளமும் 1970-இல் கையெழுத்திட்டன. 1958 முதல் அமலுக்கு வந்ததாக ஏற்றுக்கொண்டன. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) தண்ணீர் கேரளத்துக்கு வந்துசேர வேண்டும். அந்தத் தண்ணீர் சித்தூர்ப் புழை வழியாக நம் வயலுக்கு வருகிறது. தண்ணீர் குறையும் வருடங்களில் அதே வாரத்து மலையாளப் பத்திரிகையும் தமிழ்ப் பத்திரிகையும் இந்தச் செய்தியை எப்படி எழுதின? யாரை 'விவசாயி' என்று சொல்கின்றன, யாரை 'அவர்கள்' என்று சொல்கின்றன? எந்தக் கணக்கைத் தலைப்பில் போடுகின்றன, எதை விட்டுவிடுகின்றன? திருவனந்தபுரத்தில் இருப்பவர் ஒன்றை வாசிப்பார், சென்னையில் இருப்பவர் மற்றொன்றை வாசிப்பார். இரண்டையும் அகராதி இல்லாமல் வாசிக்க முடிகிறவர் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு வறட்சி வருடத்தை, ஒரே ஒரு மாதத்தை எடுத்து இதைச் செய்தால் போதும். அகலக்கால் வேண்டாம்.

கோபாலபுரத்திலும் மீனாட்சிபுரத்திலும் கடைப் பலகைகளைப் படம் பிடித்து, எந்த வகைக் கடை எந்த மொழியை மேலே வைக்கிறது என்று எண்ணுவதும் முறையான மொழியியல் ஆய்வுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாய்மொழி அட்டவணையை அதனோடு சேர்த்து வையுங்கள். 2011 கணக்கில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம்.

மலையாள நண்பரோடு சேர்ந்து செய்யலாமா?

தயங்காமல் செய்யுங்கள். பழைய மலையாளக் கையெழுத்தை அவர் வாசிப்பார், கொழிஞ்சாம்பாறைத் திண்ணையில் உங்களிடம் பேசுவார்கள். யார் எதைச் செய்தார் என்பதை அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். ஆங்கிலத்தில் அறிக்கை எழுத முடியுமா என்று பயமாக இருக்கிறது.

முதலில் உங்கள் துறையில் எந்த மொழியில் கொடுக்கலாம் என்று எழுத்து மூலமாகவே கேளுங்கள். தமிழ்த் துறையில் சிக்கலே இல்லை. மற்றத் துறைகளில் ஆங்கிலம் என்றால், யோசிப்பதைத் தமிழில் யோசியுங்கள். கள நோட்டு தமிழில் இருக்கட்டும். முடிவை ஐந்து வரியில் தமிழில் எழுதி, அது உங்கள் தம்பிக்குப் புரிகிறதா என்று பாருங்கள். புரிந்தால் ஆங்கிலத்தில் எழுதுவது வெறும் வேலை. நேரம் பிடிக்கும், முடிந்துவிடும். பல அறிக்கைகளில் ஆங்கிலம் குழம்பிக் கிடப்பதற்குக் காரணம் ஆங்கிலம் அல்ல. சொல்ல வந்தது என்ன என்று எழுதியவருக்கே பிடிபடவில்லை.

அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதும்போதும் தயங்க வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள இடம் தருகிறது. பஞ்சாயத்து ஒரு புள்ளிவிவரத்தைத் தரவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். பதில் வர 30 நாள் வரை ஆகலாம், அதனால் செமஸ்டரின் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

எத்தனை பேரிடம் கேட்டால் போதும்? நூறு பேர் கட்டாயமா?

நூறு என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. கேள்விதான் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். ஒரு தொழிலின் அனுபவத்தை ஆழமாக அறிய எட்டுப் பத்துப் பேரிடம் நிதானமாகப் பேசினாலே போதலாம். ஒரு பஞ்சாயத்தில் எத்தனை சதவீத வீடுகளில் போர் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் அனுப்பிவிட்டு "பாலக்காடு மாவட்ட இளைஞர்களின் கருத்து" என்று தலைப்பு வைப்பது மட்டும் கூடாது. அது உங்கள் வகுப்பின் கருத்து. அப்படியே எழுதினால் அதில் குற்றமே இல்லை.

பரம்பிக்குளம் சரணாலயத்துக்குள் போய் ஆய்வு செய்ய முடியுமா?

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய வனத்துறை அனுமதி கட்டாயம். அது உங்கள் செமஸ்டருக்குள் கைக்கு வரும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள். சுற்றுலாவாகப் போய்வந்து தரவு எடுத்தேன் என்று எழுதவும் கூடாது. காட்டுக்கு வெளியே, மாந்தோப்பிலும் ஏரிக்கரையிலும் யாரும் எண்ணாத பூச்சியும் பறவையும் எவ்வளவோ இருக்கின்றன.

மக்களிடம் பேட்டி எடுக்க அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டும், ஒவ்வொருவரிடமும். நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எதற்காகக் கேட்கிறீர்கள், பதிவு யாரிடம் இருக்கும், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். கையெழுத்துப் போட அஞ்சுகிறவர்களிடம் காகிதத்தை நீட்ட வேண்டாம். சம்மதத்தைக் குரலாகப் பதிவு செய்யலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். அறிக்கையில் பெயரை மாற்றுங்கள். ஆனால் சின்ன ஊரில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. "வார்டில் ஒரே ரேஷன் கடைக்காரர்" என்று எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும்.

பிளாச்சிமடையைப் பற்றி ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள், அதனால் தனியாகவே சொல்கிறேன். பெருமாட்டி பஞ்சாயத்தில் கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை எடுப்பதற்கு எதிராக 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது. ஆலை 2004 மார்ச்சில் நின்றது. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இரவாளர், மலசர் பழங்குடிக் குடும்பங்கள் அந்தப் போராட்டத்தின் முன்னால் நின்றன. போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த மக்களிடம் மைக்கை நீட்டியவர்கள் எண்ணற்றவர்கள். இன்னொரு மாணவர் போய் "அப்போது எப்படி இருந்தது?" என்று கேட்பதால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. போக வேண்டும் என்றால் ஏற்கெனவே வந்தவற்றை முழுக்கப் படித்துவிட்டு, இதுவரை யாரும் கேட்காத ஒன்றோடு போங்கள். இன்றைய கிணற்று நீர்மட்டம் அப்படி ஒன்று. அவர்கள் மறுத்தால் வணக்கம் சொல்லித் திரும்பிவிடுங்கள்.

பணம்?

பெரும்பாலான நல்ல புராஜெக்ட்டுகளுக்குப் பஸ் காசும் நோட்டும் போதும். பரிசோதனைச் செலவு வரும் என்றால் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரியில் படிப்பவர்களுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட உதவி இருக்கிறது, துறை மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். கேரளக் கல்லூரிகளில் 'வாக் வித் ஸ்காலர்' திட்டத்தில் இருப்பவர்கள் வெளி வழிகாட்டிகளைச் சந்திக்கும் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனத்தில் கோடை விடுமுறையில் போய் வேலை கற்க முடியுமா?

முடியும். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாடமி மற்ற இரண்டு தேசிய அகாடமிகளோடு சேர்ந்து கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை தருகிறது. கோடைக்கான விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். ஏப்ரலில் விசாரிப்பவர்களுக்கு அடுத்த வருடம்தான்.

ஆனால் தூரத்தையே பார்க்காதீர்கள். பட்டாம்பியில் 1927 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. முண்டூரில் ஐ.ஆர்.டி.சி. (ஒருங்கிணைந்த ஊரகத் தொழில்நுட்ப மையம்), பாலக்காட்டிலேயே ஐ.ஐ.டி., பீச்சியில் வன ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றன. கோவையில் 1912 முதல் கரும்பு இனப்பெருக்க நிறுவனம். ஆனைகட்டியில் பறவையியலுக்கான சாலிம் அலி மையம். மின்னஞ்சல் எழுதும்போது "எனக்கு வாய்ப்பு தாருங்கள்" என்பதோடு நிறுத்தாமல், அவர்களுடைய எந்த ஆய்வை வாசித்தீர்கள், உங்கள் கேள்வி என்ன, எந்த வாரங்களில் வர முடியும் என்று எட்டு வரியில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள், போதும்.

கோவையில் ரெடிமேட் புராஜெக்ட் கிடைக்கிறதாமே? எல்லோரும் வாங்குகிறார்கள்.

வாங்காதீர்கள். பைண்டிங்கோடு ஒரு வாரத்தில் கொடுப்பார்கள், தெரியும். அதில் இருக்கும் 'தரவு' யாரும் எடுக்காத தரவு. அதை உங்கள் பெயரில் கொடுத்து, "இது என் சொந்த வேலை" என்று முதல் பக்கத்தில் கையெழுத்தும் போடுகிறீர்கள். பிடிபட்டால் பட்டமே சிக்கலாகும். பிடிபடாவிட்டாலும், நாளைக்கு யாராவது அந்த எண்களை நம்பி ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு முடிவு எடுத்தால் பொறுப்பு யாருடையது? நேரம் இல்லை என்றால் கைடிடம் சொல்லிக் கேள்வியைச் சுருக்குங்கள். ஆறு கிணற்றை ஒழுங்காக அளந்த அறிக்கைக்கு நான் முழு மனதோடு மதிப்பெண் போடுவேன். அறுபது கிணற்றைக் கற்பனையில் அளந்ததற்கு ஒன்றும் கிடையாது.

சாட்ஜிபிடி பயன்படுத்தலாமா?

உங்கள் கல்லூரி விதி என்ன சொல்கிறதோ அதன்படி. அனுமதி இருந்தாலும் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று அறிக்கையில் எழுதுங்கள். ஆங்கில வாக்கியத்தைச் சீராக்கவோ, ஒரு புள்ளியியல் சோதனை எதற்கு என்று விளங்கிக்கொள்ளவோ கேட்கலாம். மேற்கோள் நூல்பட்டியல் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு இருக்கிற மாதிரியே ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டுத் தந்துவிடும். நீங்களே திறந்து வாசிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். பேட்டி ஒலிப்பதிவை எந்த இணையச் சேவையிலும் ஏற்றுவதற்கு முன், பேசியவர் அதற்குச் சம்மதித்தாரா என்று யோசியுங்கள்.

மலையாளக் கட்டுரையை நானே தமிழாக்கிச் சேர்த்தேன். அதுவும் காப்பியா?

மூலத்தைச் சொல்லாவிட்டால் காப்பிதான். மொழிபெயர்ப்பு உங்களுடையது, கருத்து அவருடையது. இரண்டையும் குறிப்பிட்டுவிட்டால் அதுவே உங்கள் அறிக்கைக்குப் பலம்.

காசு கட்டினால் ஒரே வாரத்தில் இதழில் வெளியிடுகிறோம் என்று மெசேஜ் வந்தது.

அழித்துவிடுங்கள். யாரும் வாசித்துச் சரிபார்க்காமல் வெளியிடும் இதழ் அது. கல்லூரிக் கருத்தரங்கில் ஒரு போஸ்டர் வைத்து, நாலு பேர் கேள்வி கேட்டால் அதில் கற்றுக்கொள்வது அதிகம்.

நாலு மாதம் அளந்தும் வித்தியாசம் எதுவும் வரவில்லை. மார்க் போகுமா?

போகக் கூடாது. "திறந்த கிணற்றுக்கும் போருக்கும் இந்த வார்டில் வேறுபாடு காணப்படவில்லை" என்பதும் முடிவுதான். எத்தனை கிணறு, எந்த மாதம், எந்த முறை, எவ்வளவு பிழை வரக்கூடிய கருவி என்பதை எழுதிவிட்டால் அடுத்த பேட்ச் அங்கிருந்து தொடங்கும். எண்ணைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்தால் அழகாக வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சொல்பவர் யாராக இருந்தாலும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்ன கேட்பார்கள்?

ஏன் இந்த இடம், ஏன் இந்த முறை, திரும்பச் செய்தால் எதை மாற்றுவீர்கள். களத்துக்குப் போனவருக்கு மூன்றும் சுலபம். கள நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், ஈரம் பட்டுக் கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.

எல்லாம் முடிந்தபின் முடிவை ஊருக்குச் சொல்லலாமா?

சொல்ல வேண்டும். கிணற்றுக்காரர் வாசல் திறந்து தண்ணீர் எடுக்கவிட்டார், அவருடைய எண் அவருக்குத் தெரிய வேண்டாமா? ஒரு பக்கத்தில், தமிழில், அவர் கிணற்றின் அளவையும் வரம்பு எவ்வளவு என்பதையும் எழுதிக் கொடுங்கள். மாணவர் லேபில் ஒரு தடவை பார்த்ததை வைத்து "விஷம்" என்றோ "நல்ல தண்ணீர், குடிக்கலாம்" என்றோ சொல்லிவிடாதீர்கள். ஃபுளோரைடு 1.5-ஐத் தாண்டிய கிணறுகளின் நீரைக் கேரள வாட்டர் அத்தாரிட்டியின் லேபில் மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் மாதிரியை நீங்களே கூடப் போய்க் கொடுங்கள். பஞ்சாயத்துக்கு ஒரு பிரதி, ஊர்ப் பள்ளிக்கு ஒரு பிரதி. அறிக்கையில் வீட்டாரின் பெயரும் கிணறு இருக்கும் துல்லியமான இடமும் வேண்டாம், வார்டு வரை போதும். நிலம் விற்கப் போகும்போது அந்தக் காகிதம் அவர்களுக்கு எதிராகத் திரும்பிவிடக் கூடாது.